ஒரே கட்டில், இரண்டு உடல்கள்: ஒரு தம்பதி மெத்தை மாற்றிய கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

திருச்சியில் முதல் மாடி வீடு. படுக்கையறைக்கு மேலே மொட்டை மாடி. கணவருக்கு வயது 46, எடை 94 கிலோ, மல்லாந்து படுப்பவர். மனைவிக்கு வயது 41, எடை 56 கிலோ, வலப்பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும். 6 வயதில் ஒரு மகள். அவளுக்குத் தனிக் கட்டில் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதனால் அவளைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கட்டில் கல்யாணத்தின்போது ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்குக் கட்டில். மேலே 12 மி.மீ. பிளைவுட், கீழே அகலவாக்கில் மூன்று குறுக்குச் சட்டங்கள், நடுவில் கால் இல்லை. மெத்தை 5 இன்ச் காயர் மெத்தை: ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார், மேலே மெல்லிய ஃபோம். வாங்கி 9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கணவருக்குக் காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்; நடமாட ஆரம்பித்து அரைமணியில் சரியாகிவிடும். மனைவிக்கு வலது தோளும் இடுப்பு எலும்பும் வலிக்கும், சில நாள் கை மரத்தும் போகும். அதோடு, இரவில் இருவரும் தங்களை அறியாமலே கட்டிலின் நடுப்பக்கம் சரிந்துவிடுகிறார்கள்.

எலும்பு மருத்துவர் இருவரையும் பரிசோதித்து, நரம்பு அழுத்தத்துக்கான அறிகுறி இல்லை, படுக்கையை மாற்றிப் பாருங்கள் என்றார். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலோ எடை இழப்போ கூடவே இருந்தாலோ போக வேண்டிய இடம் மருத்துவமனை. மெத்தைக் கடை பிறகு.

முதல் முயற்சி

மெத்தை வாங்குமுன் கணவர் இரண்டு வாரம் தரையில் கோரைப்பாய் போட்டுப் படுத்தார். இடுப்புக்குக் கொஞ்சம் தேவலை. 'கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது' என்ற ஊரறிந்த நம்பிக்கைக்கு இது சாட்சியாகிவிட்டது. இணையத்தில் 'ஆர்த்தோபெடிக்' என்று போட்டிருந்த ஒரு மெத்தைக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அளவு 78 × 72, உயரம் 6 இன்ச். அடியில் கெட்டி ஃபோம், மேலே 1½ இன்ச் மெமரி ஃபோம். விலை ரூ. 19,000, 100 இரவு சோதனைக் காலம். 'ஆர்த்தோபெடிக்' என்று அச்சிட ஒரு மெத்தைக்கு எவ்வளவு கெட்டித்தன்மை வேண்டும் என்று கட்டாய அளவுகோல் எதுவும் கிடையாது. அது விற்பனைச் சொல்.

வெற்றிடத்தில் சுருட்டி வந்த மெத்தையைப் பிரித்து முழுதாக விரிய இரண்டு நாள் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கோளாறு தெரிந்தது. கட்டிலின் உள் அளவு 78 × 72 இல்லை. பழைய காயர் மெத்தையை உள்ளூரில் அளவெடுத்துச் செய்திருந்ததால், தங்கள் கட்டில் வழக்கமான அளவில் இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. திணித்துப் போட்டதில் மெத்தை நடுவில் மேடாக எழும்பி நின்றது.

அடுத்தது வெப்பம். கத்திரி வெயில் காலத்தில் இரவு 11 மணிக்கும் அறையில் 33 டிகிரி. மெமரி ஃபோம் 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் விமான இருக்கைகளுக்காக உருவான பொருள். சூடு பட்டால் இளகி, உடலின் வளைவுக்குள் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. குளிர்ந்த அறையில் அது வசதி. ஏ.சி.யை நள்ளிரவில் அணைத்துவிடும் வீட்டில், முதுகைச் சுற்றிக் காற்றுப் போக வழியில்லாமல் ஆகிவிடும். மனைவிக்குத் தோள்வலி கூடியது. மேலடுக்கு இளகினாலும் 1½ இன்ச்சுக்குக் கீழே கெட்டி ஃபோம். தோள் அதில் போய் முட்டிக்கொண்டது.

சோதனைக் காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வந்தது போல அதைச் சுருட்ட வீட்டில் யாராலும் முடியாது. நிறுவனமே ஆள் அனுப்பி அப்படியே எடுத்துப் போனது, பணமும் திரும்பியது. கறை படிந்திருந்தால் இது நடந்திருக்காது. முதல் நாளிலிருந்தே மேலே உறை போட்டிருந்தது கைகொடுத்தது.

அளந்து பார்த்ததில்

இரண்டாவது மெத்தை தேடுமுன் இருக்கும் படுக்கையில் எது பழுது என்று பிரித்துப் பார்க்கத் தீர்மானித்தார்கள். தேவைப்பட்டவை இஞ்ச் டேப், நூல், ஸ்கேல், ஒரு பொட்டு அட்டை.

மெத்தையை எடுத்துவிட்டு, கட்டிலின் ஒரு பக்கச் சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை நூலை இழுத்துக் கட்டி, பிளைவுட்டுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார்கள். வெறும் பலகையே நடுவில் 14 மி.மீ. தாழ்ந்திருந்தது. கணவர் நடுவில் உட்கார்ந்தபோது 26 மி.மீ. கீழே குனிந்து பார்த்ததில், நடுக் குறுக்குச் சட்டம் பக்கச் சட்டத்தோடு சேரும் இடத்தில் பிளந்திருந்தது. இருவரும் நடுவில் சரிந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருந்தது. சுவர்ப் பக்கம் பிளைவுட்டில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சையும் இருந்தது. அடைத்த பலகையில் மெத்தை விட்ட ஈரம் வெளியேற வழியில்லை.

பழைய காயர் மெத்தையைச் சமதளத் தரையில் போட்டு அதே நூல் சோதனை. கணவர் படுக்கும் இடத்தில் 38 மி.மீ. பள்ளம், மனைவி இடத்தில் 22. பிறகு அந்த மெத்தையிலேயே, தரையில், நான்கு இரவு படுத்தார்கள். நடுவில் சரிவது நின்றது. கணவரின் இடுப்புப் பிடிப்பு பாதிதான் குறைந்தது. ஆக, பழுது கட்டிலிலும் உண்டு, மெத்தையிலும் உண்டு. தரையில் பாய் போட்டுப் படுத்தபோது கிடைத்த சுகம் கெட்டித் தரையால் வந்தது என்று அவர் நினைத்திருந்தார். பெரும்பகுதி, தொய்ந்த பலகையிலிருந்து தப்பியதால் வந்தது.

பொட்டு அட்டை மனைவிக்கு. பிடரி, தோள்பட்டைகளின் நடு, இடுப்பின் நடு, அதற்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம் என்று நாலு ஸ்டிக்கர் பொட்டுகளை முதுகெலும்பின் மேலாகச் சட்டையில் ஒட்டி, அவர் ஒருக்களித்துப் படுத்ததும் தங்கை பின்னாலிருந்து செல்போனில் படமெடுத்தார். கேமரா மெத்தை உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் கோடு பொய் சொல்லும். பாய் மேல் படுத்தபோது தோள் அமிழ இடமின்றி மேலே தள்ளப்பட, பொட்டுகளின் வரிசை இடுப்பருகே கீழே தொங்கியது. நாலும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் மெத்தைதான் ஒருக்களித்துப் படுப்பவருக்குச் சரி.

கட்டிலின் உள் அகலத்தை மூன்று இடங்களில் அளந்தார்கள்: தலைமாட்டில் 71 இன்ச், நடுவில் 70¾, கால்மாட்டில் 71¼. நீளம் 76½. ஆசாரி செய்த கட்டிலில் இந்தக் கால் இன்ச் வித்தியாசங்கள் சகஜம். கணக்குக்கு எடுக்க வேண்டியது மூன்றில் சிறியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*கட்டில் முதலில்.* பிளந்த சட்டத்தை மாற்றி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நீளவாக்கில் ஒரு நடுச்சட்டமும், அதற்கு இரண்டு கால்களும் வைத்தார் ஆசாரி. 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ., ஈரம் தாங்கும் ரகம். 8 × 4 அடித் தகடு இரண்டு வாங்கி, இரு பாதிகளும் நடுச்சட்டத்தின் மேலேயே சேரும்படி வெட்டினார். சட்டங்கள் வராத இடமெல்லாம் 6 இன்ச்சுக்கு ஒன்றாக 1 இன்ச் துளை. செலவு ரூ. 9,800. புது மெத்தை வாங்கத் தயாராக இருப்பவர்கள் இந்தப் பணத்தைச் செலவிடத் தயங்குவார்கள். தொய்ந்த பலகை மேல் எந்த மெத்தையும் நாளடைவில் அதே வடிவத்துக்கு வந்துவிடும். உத்தரவாதம் கேட்டுப் போனால், அடிப்பலகை சரியில்லை என்று நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு.

*எவ்வளவு கெட்டி?* 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வு ஒன்று இங்கே உதவியது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாளில் நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் 'நடுத்தரம்' என்பது படுப்பவரின் எடையைப் பொறுத்தது. 94 கிலோவுக்கு நடுத்தரமாக இருக்கும் ஃபோம் 56 கிலோவுக்குப் பலகை. கடையில் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்துப் பார்த்தபோது இது தெளிவாயிற்று. மல்லாந்த நிலையில் இடுப்புக்கடியில் கை விட்டுப் பார்ப்பது எளிய சோதனை: தாராளமாக உள்ளே போனால் மெத்தை கெட்டி, போகவே மறுத்தால் மெத்து, லேசாகத் தள்ளினால் போனால் பொருத்தம். கணவருக்குப் பொருந்திய ஒவ்வொன்றிலும் மனைவியின் பொட்டு வரிசை வளைந்தது. எனவே ஒரே கட்டிலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெத்தைகள் என்று முடிவாயிற்று.

*பொருள்.* இலவம்பஞ்சு குளிர்ச்சிக்கு நிகரில்லாதது. அவர்கள் வீட்டிலும் போடிநாயக்கனூர்ப் பஞ்சு வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. ஆனால் பஞ்சு அமுங்கிக் கட்டியாகும். அடிக்கடி மாடியில் வெயில் காட்ட வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் தூக்க ஆளில்லை. காயர் காற்றோட்டமானது, மலிவு. 94 கிலோ எடையில் அது என்னவாகும் என்பதை 38 மி.மீ. பள்ளம் சொல்லிவிட்டது. பாக்கெட் ஸ்பிரிங் (ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பையில் இருக்கும் மெத்தை) நல்ல தேர்வாக இருந்திருக்கும். இந்த வழக்கமில்லாத அளவில் செய்துதர உள்ளூரில் யாரும் முன்வரவில்லை. மிஞ்சியது எச்.ஆர். ஃபோம் (ஹை ரெசிலியன்ஸ், அமுங்கினால் நன்றாக மீளும் ரகம்) அடியில், இயற்கை லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்த ஃபோம்) மேலே. லேடெக்ஸ் அமுங்கிய உடனே மீளும், மெமரி ஃபோம் போல உடலைப் பிடித்துக்கொள்ளாது. ஊசித்துளைகள் வழியே ஓரளவு காற்றும் போகும்.

கணவருக்கு 5 இன்ச் எச்.ஆர். ஃபோம் (அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ, கெட்டி ரகம்), மேலே 1 இன்ச் லேடெக்ஸ். மனைவிக்கு 4 இன்ச் எச்.ஆர். (அடர்த்தி 32, மிதமான ரகம்), மேலே 2 இன்ச் மெத்தான லேடெக்ஸ். உயரம் இரண்டிலும் 6 இன்ச்சாக இருந்தாக வேண்டும். 8 இன்ச் வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினார்கள். கட்டில் பலகை தரையிலிருந்து 14 இன்ச்சில் இருந்தது; 22 இன்ச்சில் உட்கார்ந்தால் மனைவியின் பாதம் தரையில் முழுசாகப் படவில்லை. உயரமான மெத்தை நல்ல மெத்தை என்பது கடைக்காரர்களின் கணக்கு.

*அளவு.* 70¾ இன்ச் அகலத்தில் விரிப்பைச் செருக இடம் விட்டு, தலா 76 × 35 இன்ச். முக்கால் இன்ச் மிச்சம் இருந்தது. இதன் விளைவு பின்னால் வருகிறது.

மெத்தை வந்த நாள்

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். கெட்டித்தன்மை வேறு, மெத்தென்ற ஃபோமுக்கும் அதிக அடர்த்தி இருக்கலாம். எத்தனை நாள் தொய்யாமல் உழைக்கும் என்பதற்கு அடர்த்திதான் அடையாளம். கண்ணால் பார்த்தோ கையால் அமுக்கியோ அதைக் கண்டுபிடிக்க முடியாது, எடை போட்டால் தெரியும். அதற்காகவே உறையை ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லி, அடுக்குகளை ஒட்டாமல் தனித்தனியாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

கணக்கு இதுதான்: நீளம் × அகலம் × உயரம் இன்ச்சில் பெருக்கி, 61,000ஆல் வகுத்தால் கன மீட்டர். கணவரின் 5 இன்ச் ஃபோம் 76 × 35 × 5 = 13,300; வகுத்தால் 0.218. அடர்த்தி 40 என்றால் 8.7 கிலோ இருக்க வேண்டும். ஃபோமைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று, தன் எடையைக் கழித்தார் கணவர்: 8.5. சரி. மனைவியின் 4 இன்ச் ஃபோம் அடர்த்தி 32க்கு 5.6 கிலோ இருந்திருக்க வேண்டும். இருந்தது 4.3. அதாவது அடர்த்தி 25க்கும் கீழே.

"சார், 32ன்னு சொல்லித்தான் எங்களுக்கும் அனுப்பினாங்க" என்றார் மெத்தை தைத்துக் கொண்டுவந்தவர். அவரே ஏமாந்திருக்கலாம். பில்லில் அடர்த்தியும் அளவும் எழுதி வாங்கியிருந்ததால் பேச்சு வளரவில்லை. ஐந்து நாளில் மாற்றிக் கொடுத்தார். மாற்றி வந்தது 5.5 கிலோ. 2 இன்ச் லேடெக்ஸ் அடர்த்தி 80க்கு 7 கிலோ வர வேண்டும். கிட்டத்தட்ட அதே எடை இருந்தது.

இரண்டு மெத்தைக்கும் சேர்த்து ரூ. 31,000.

பின்னர் நடந்தவை

தினமும் காலையில் எழுந்ததும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, இருவரும் காலண்டரிலேயே எழுதிவந்தார்கள். பழைய மெத்தையில் கணவருக்குப் பெரும்பாலும் 6. புது மெத்தையில் முதல் வாரம் 5க்குக் கீழே இறங்கவில்லை. உடல் பழகவும் ஃபோம் இளகவும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பது முன்பே தெரிந்திருந்ததால் பொறுத்தார். ஆறாவது வாரத்தில் 2.

மனைவிக்கு இடுப்பு எலும்பு வலி முதல் வாரத்திலேயே போயிற்று. தோள் மட்டும் 7லிருந்து 4க்கு வந்து அங்கேயே நின்றது, கை மரப்பும் தொடர்ந்தது. மறுபடி பொட்டு ஒட்டிப் படமெடுத்ததும் காரணம் தெரிந்தது: முதுகு நேராக இருக்க, பிடரிப் பொட்டு மட்டும் மேலே போயிருந்தது. கெட்டி மெத்தைக்குத் தோதாக 6 இன்ச் தலையணை வைத்திருந்தார். புது மெத்தையில் தோள் உள்ளே அமிழ்வதால் அவ்வளவு உயரம் தேவையில்லை. 4 இன்ச் தலையணைக்கு மாறியபின் மூன்று வாரத்தில் மதிப்பெண் 1க்கு வந்தது, மரப்பு நின்றது.

வெப்பம் மெமரி ஃபோமைவிடக் குறைவு, பஞ்சு மெத்தையைவிட அதிகம். முதலில் போட்ட நீர்புகா உறை பிளாஸ்டிக் பூச்சு உள்ளது. முதுகு வேர்த்து வழிந்தது. மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பருத்தித் துண்டுத் துணி உறைக்கு மாறியதும் தாங்கும்படி ஆயிற்று.

எதிர்பாராதது மகள் விஷயம். தனிக் கட்டில் இருந்தது உண்மைதான். வாரத்தில் நாலைந்து நாள் நள்ளிரவில் எழுந்துவந்து அப்பா அம்மா நடுவில் படுப்பதும் உண்மை. "நடுவுல பள்ளமா இருக்கும்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் பார்த்தார்கள். விட்டு வைத்த முக்கால் இன்ச்சில் இரண்டு மெத்தையும் வெளிப்பக்கம் நகர்ந்து, நடுவில் வாய் திறந்திருந்தது. இருபுறமும் பக்கச் சட்டத்தை ஒட்டி மெல்லிய ஃபோம் பட்டை செருகி மெத்தைகளை நெருக்கினார்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட ஒரே பெரிய உறை, மேலே அரை இன்ச் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் விரிப்பு: செலவு ரூ. 3,600. பிளவு மூடியது, கெட்டித்தன்மை மாறும் விளிம்பு மட்டும் கைக்குத் தட்டுப்படும். குழந்தை இப்போது சுவரோரம், அம்மாவுக்கு அந்தப் பக்கம் படுக்கிறாள்.

ஐப்பசி மழைக்குப் பின் மெத்தையைத் தூக்கிப் பார்த்ததில் பலகை உலர்ந்திருந்தது, பூஞ்சை இல்லை. ஆறாம் மாத நூல் சோதனையில் கணவர் பக்கம் 6 மி.மீ., மனைவி பக்கம் 3 மி.மீ. பள்ளம்.

மறுபடி செய்தால்

யார் யாருக்குக் கட்டில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதிலாக, நள்ளிரவு இரண்டு மணிக்கு இந்தக் கட்டிலில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். குழந்தை நடுவில் படுப்பது தெரிந்திருந்தால், இரண்டு மெத்தைகளையும் தனித்தனி உறையில் போடாமல், அடுக்குகளை மட்டும் இரண்டாக வைத்து முதலிலேயே ஒரே உறைக்குள் அடைத்திருக்கலாம். அகலத்திலும் முக்கால் இன்ச்சுக்குப் பதில் கால் இன்ச் விட்டால் போதும். மெல்லிய விரிப்பைச் செருக அது போதுமான இடம்.

தலையணையை மெத்தையோடு சேர்த்தே கடையில் சோதிக்க வேண்டும். வீட்டுத் தலையணையைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். கடைக்காரர் தரும் தலையணையில் படுத்துப் பார்த்து மெத்தையை முடிவு செய்தால் பாதிச் சோதனைதான் நடந்திருக்கும்.

இரண்டு மெத்தை யோசனை எல்லாருக்கும் பொருந்தாது. இருவர் எடையும் ஏறத்தாழ ஒன்றாக, படுக்கும் வாகும் ஒன்றாக இருந்தால் ஒரே மெத்தை போதும், விலையும் குறையும். 60 இன்ச் அகலக் கட்டிலிலும் இது சரிவராது; ஆளுக்கு 30 இன்ச் என்பது புரண்டு படுக்க இடமில்லாத அகலம்.

மேல் அடுக்கு லேடெக்ஸ் என்பதால் இந்த மெத்தைகளைக் கவிழ்த்துப் போட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுகிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூல் கட்டி அளக்கிறார்கள். உத்தரவாதத் தாளில் 25 மி.மீ.க்கு மேல் பள்ளம் விழுந்தால்தான் பழுதாகக் கொள்ளப்படும் என்று இருப்பதால், தேதியும் அளவும் பில்லின் பின்பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.